பந்து தொடாத பதினொரு பேர்

1944-ஆம் வருஷம் ஆனி மாதம் திருத்தணி வேல் கால்பந்துக் கழகம் அகில இந்திய நாக்-அவுட் கோப்பைக்குப் பெயர் கொடுத்தது. ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. போட்டியின் சட்டம் அவ்வளவுதான். காப்டன் துளசிங்கத்துக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் நாலு ஏக்கர் கரும்பு. அரக்கோணத்தில் ரயில்வேக்காரர்கள் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தே ஆட்டம் பழகியவர். ஒரே ஒரு நிஜ மாட்ச் ஆடிவிட்டால் போதும் என்பது அவர் ஆசை.

பெயர் கொடுத்த மறுநாள், கழகத்தின் ஒரே பந்து சப்பாத்திக்கள்ளியில் விழுந்து வெடித்தது.

ரப்பர் யுத்தத்துக்கு வேண்டிய பொருள். புதுப் பந்துக்குப் பர்மிட் வேண்டும். பர்மிட் ஆபீஸ் குமாஸ்தா கஜபதி மனுவை இரண்டு தரம் படித்தார்.

"பந்து இன்னாத்துக்கு?"

"ஆடறதுக்குங்க."

"ஆடினா தேயும் இல்ல?"

"ஆங், தேயும்ங்க."

"தேயற காரியத்துக்கு ரப்பர் குடுக்க ரூல் இல்ல. ஆடாம வெச்சிக்கிறேன்னு எழுதிக் குடு, மேலே அனுப்பறேன்."

துளசிங்கம் அப்படியே எழுதிக் கொடுத்தார். மனு மேலே போயிற்று. மேலே என்பது சித்தூரா, சென்னையா, டில்லியா என்பது கஜபதிக்கும் தெரியாது.

முதல் சுற்றுக்கு வரவேண்டிய குழுவுக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பெட்டியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. ரெஃபரி விசில் ஊதி, கால் மணி காத்திருந்து, வராதவர்கள் தோற்றார்கள் என்று அறிவித்தார்.

இரண்டாம் சுற்றுக்காரர்கள் சரியாக ஆடிக்கிருத்திகை அன்று வந்து இறங்கினார்கள். ஸ்டேஷனில் காவடிக் கூட்டத்துக்குக் காலரா ஊசி போட்டுக்கொண்டிருந்த அதிகாரி, "நாங்க பந்தாட வந்தவங்க" என்றதைக் காதில் வாங்காமல் பதினொரு பேருக்கும் குத்தினார். மாலையில் பதினொரு பேரும் சத்திரத்தில் காய்ச்சலோடு முனகிக்கொண்டிருந்தார்கள். திருத்தணி மீண்டும் ஜெயித்தது.

அரை இறுதிக்கு வந்தவர்கள் முழு ஆரோக்கியத்தோடு, குறித்த நேரத்துக்கு வந்தார்கள். துளசிங்கத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பந்து எங்கே?" என்றார் வந்த காப்டன்.

"மனு மேலே போயிருக்குதுங்க."

"பந்தில்லாம எப்படி ஆடறது? நாங்க ஆட மாட்டோம்."

ரெஃபரி ஒரு காலத்தில் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்தவர். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "ஆட மறுக்கிற கட்சி தோத்த கட்சி. திருத்தணிக்காரங்க மறுத்தாங்களா?"

"இல்ல. ஆனா பந்து..."

"மறுக்கல இல்ல? முடிஞ்சுது."

ஊர் கொண்டாடித் தீர்த்தது. கழகத் தலைவர் ராஜமாணிக்கம் காப்டனை மாட்டுவண்டியில் உட்காரவைத்து ஊர்வலம் விட்டு, "இந்த நிமிஷம் வரை எதிரிகள் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை!" என்று பிரசங்கம் செய்தார். அரைக்கால் சட்டை பெரிய ஃபேஷனாயிற்று. அந்த ஆவணியில் இரண்டு மாப்பிள்ளைகள் முழங்கால் வரை சாக்ஸோடு தாலி கட்டினார்கள்.

"ஆடாத ஆட்டத்துக்கு மாலை இன்னாத்துக்கு?" என்று கேட்டாள் துளசிங்கத்தின் மனைவி குப்பம்மாள். அவர் மாலையைக் கழற்றி மாட்டுக்குப் போட்டார்.

இறுதி ஆட்டம் சென்னையில். கோல் கீப்பர் எல்லப்பன், வழியனுப்ப வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டு இருந்ததில் ரயிலை விட்டுவிட்டான். பத்துப் பேர் போனார்கள். அங்கே மைதானத்தின் நடுவில், காற்றடித்த நிஜப் பந்து ஒன்று இருந்தது. துளசிங்கம் குனிந்து அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பதினாலு கோல் வாங்கித் தோற்றார்கள். ஆனால் கடைசியில் ஒரு தரம் துளசிங்கம் இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு போய் உதைத்தார். பந்து 'டங்'கென்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மைதானத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

திரும்பி வந்தபோது ஸ்டேஷனில் ஆள் இல்லை. மறுநாள் பொதுக்குழு கூடியது.

ராஜமாணிக்கம் எழுந்தார். "மூணு தரம் ஆடாம இருந்தோம், ஜெயிச்சோம். ஒரே தரம் ஆடினோம், தோத்தோம். தப்பு எங்கே நடந்துதுன்னு நான் சொல்லணுமா?"

"நல்லா ஆடினோம்ங்க. ஒரு பந்து கம்பத்துல பட்டுது..."

"அதைத்தான்யா நானும் சொல்றேன்!"

இனி எந்தச் சந்தர்ப்பத்திலும் ஆடுவதில்லை என்றும், கழகத்திலேயே தோல்வி காணாத ஒரே வீரர் என்ற முறையில் எல்லப்பனைக் காப்டனாக நியமிப்பது என்றும் தீர்மானம் வந்தது. எல்லாரும் கை தூக்கினார்கள். எல்லப்பனும் அடக்கமாகத் தூக்கினான். ஆட்சேபம் சொல்வதற்காகத் துளசிங்கமும் கை தூக்கினார். அந்தக் கையையும் சேர்த்து எண்ணி, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள்.