ஜார் மன்னர் கட்டிய குற்றாலம்

தென்காசிக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்தால் அது தன் தலைக்காகத்தான் விழுகிறது என்று நினைத்துக்கொள்வான். மற்ற ஊர்க்காரர்கள் அருவியைப் பார்ப்பார்கள், ரசிப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் சட்டையைக் கழற்றுவோம். (குற்றாலம் வரை வந்துவிட்டுக் குளிக்காமல் திரும்புகிறவனை எங்கள் பக்கத்தில் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.) உள்ளூரில் இருக்கிறவரை இந்த வியாதியால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான்தான் அதை ரஷ்யா வரைக்கும் கொண்டுபோனேன்.

அறுபதுகளின் நடுவில் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து எட்டுப் பேரை நல்லெண்ணப் பயணமாக சோவியத் நாட்டுக்கு அனுப்பினார்கள். குழுவுக்குத் தலைவர் வேலாயுத அண்ணாச்சி. வாசுதேவநல்லூர்க்காரர், நிலபுலன் உள்ளவர், தென்காசியில் எங்கள் சங்கத்துக்குத் தலைவர். அவர் தெருவில் நடந்து வந்தால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் கிளாஸோடு எழுந்து நிற்பார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் சங்கத்துக் குமாஸ்தாவான என்னையும் எட்டில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. என் இங்கிலீஷ் முழுக்கக் கடித இங்கிலீஷ். 'தங்கள் மேலான கடிதத்தின் தொடர்பாக' என்று தொடங்காமல் எனக்கு ஒரு வாக்கியமும் வராது. மாஸ்கோ ஓட்டலில் முதல் நாள் காலை முட்டை கேட்டபோதே இது அம்பலமாகிவிட்டது.

புறப்படும்போது என் மனைவி ராஜம் பெட்டிக்குள் ஒரு புட்டி நல்லெண்ணெயும் சீயக்காய்ப் பொட்டலங்களும் வைத்தாள்.

"சனிக்கிழமை தவறாம எண்ணெ தேய்ச்சுக் குளிச்சிருங்க. இல்லாட்டி சூடு கண்ணுல ஏறிரும்."

"ரஷ்யாவுல சூட்டுக்கு நான் எங்கட்டி போவேன்? அங்கன பனில்லா பெய்யுது!"

"பனி வெளியதான. சூடு உள்ள."

பெட்டியை மூடிப் பூட்டினேன்.

மாஸ்கோவை முடித்துக்கொண்டு லெனின்கிராடு வந்தோம். ரயிலடியில் எங்களை எதிர்கொண்டாள் கலீனா. இருபத்துமூன்று வயது இருக்கும். ஊர் சுற்றிக்காட்ட வந்த பெண். கல்லூரியில் ஐந்து வருஷம் தமிழ் படித்தவள். எட்டுப் பேரையும் பார்த்துக் கைகூப்பி, "பெருமதிப்பிற்குரிய விருந்தினர்களே, தங்கள் வருகையால் எம் நகரம் மகிழ்கின்றது" என்றாள். அண்ணாச்சி கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏ சங்கரா, நம்ம ஊர்ப் புலவரு கூட இப்படிப் பேச மாட்டாருலே!"

எங்கள் தமிழ்தான் அவளுக்குப் பிரச்சினை. "இன்னும் எம்புட்டு தூரம் நடக்கணும்மா?" என்று சுரண்டையிலிருந்து வந்திருந்த செல்லையா கேட்டால், அவள் அந்த 'எம்புட்டு'வைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ராத்திரி அகராதியில் தேடிவிட்டு, மறுநாள் காலையில் தூரம் சொல்லுவாள். அண்ணாச்சி அவளுக்குக் கல்யாணி என்று பெயர் வைத்துவிட்டார். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

முதல் நாளே அவள் எங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். இந்த மூன்று நாளும் அவளுக்குப் பரீட்சை. மேலதிகாரி ஒருவர் கூடவே வந்து குறிப்பு எழுதுவார். அவர் நல்லபடியாக எழுதினால் இந்த வேலை நிரந்தரம். இல்லையென்றால் அம்மா இருக்கும் சின்ன ஊருக்குத் திரும்பிப் போய் ஏதாவது அலுவலகத்தில் உட்கார வேண்டியதுதான். "அங்குத் தமிழில் உரையாட எனக்கு ஒருவரும் இரார்" என்றாள். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். எங்களுக்கெல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அண்ணாச்சி சொன்னார். "நம்ம வீட்டுப் பிள்ள மாதிரி இருக்கு. இந்த மூணு நாளும் ஒருத்தனும் வாலாட்டக் கூடாது. கேட்டியாலே?" கேட்டது ஏழு பேரையும். பார்த்தது என்னை. (ஆறு பேரை விட்டுவிட்டு என்னை மட்டும் ஏன் பார்த்தார் என்று எனக்கு அன்றைக்குச் சரியான கோபம்.)

மேலதிகாரி ஐம்பது வயது அம்மாள். நல்ல ஆகிருதி. நரைத்த கூந்தலை இறுக்கி முடிந்திருப்பார். பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் பென்சில் முனையால் எங்களை ஒவ்வொருவராகத் தொடாத குறையாக எண்ணுவார். சிரிப்பு என்ற ஒன்றை அவர் முகத்தில் நாங்கள் பார்க்கவில்லை. இரண்டு நாள் நாங்களும் பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல அடக்க ஒடுக்கமாக நடந்துகொண்டோம். அருங்காட்சியகத்தில் கம்பளம் அழுக்காகுமே என்று செருப்பைக் கழற்றப் போன செல்லையாவைக்கூட அண்ணாச்சி கண்ணாலேயே நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை.

விடியற்காலையில் எழுந்து, உச்சந்தலையில் கால் புட்டி எண்ணெயை வைத்துத் தட்டித் தட்டித் தேய்த்தேன். ஒரு மணி நேரம் ஊற வேண்டும், அதுதான் முறை. ஊறினேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வேறு குழாயைத் திறந்தேன், அதிலும் காற்று. குழாய் சுத்தம் செய்வதால் சனிக்கிழமை காலை தண்ணீர் வராது என்று இரண்டு நாள் முன்பே ரஷ்ய மொழியில் அச்சடித்து அறைக்கு அறை கொடுத்திருந்தார்களாம். நான் அதை வரவேற்பு மடல் என்று நினைத்து, ஊரில் காட்டலாமென்று மடித்துப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

கீழே பஸ் ஹாரன் அடித்தது. வேறு வழி? எண்ணெய்த் தலைமேல் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, கோட்டு சூட்டோடு இறங்கினேன். ஒரு துண்டையும் தோள் பையில் போட்டுக்கொண்டேன். (துண்டு இல்லாமல் நாங்கள் வெளியே கிளம்புவதில்லை.) ஒரு சீயக்காய்ப் பொட்டலத்தைக் கோட்டுப் பையில் வைத்தேன். அதை ஏன் வைத்தேன் என்று யாராவது கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது, கை தானாகச் செய்தது.

ஜூலை மாதம். நல்ல வெயில். குல்லாய்க்குள் எண்ணெய் உருகிக் கழுத்து வழியாக இறங்கியது. என்னை எண்ணும்போது மேலதிகாரியின் பென்சில் ஒரு விநாடி நின்றுவிட்டுப் போனது.

அன்று பார்க்கப் போனது நகரத்துக்கு வெளியே ஜார் மன்னர் கட்டிய அரண்மனைத் தோட்டம். அங்கே போய்ப் பார்த்தால் எங்கே திரும்பினாலும் தண்ணீர். படிப்படியாக இறங்குகிற தண்ணீர், பீறிட்டு ஏறுகிற தண்ணீர், தங்கப் பொம்மைகளின் காலடியில் புரளுகிற தண்ணீர். பம்பு எதுவும் இல்லை, மேட்டு நிலத்துக் குளங்களிலிருந்து சரிவின் வேகத்தில் தானாக வருகிறது, காலையில் அலுவலர் வந்து மடையைத் திறந்துவிட்டால் போதும் என்றாள் கலீனா.

"அப்ப நம்ம மலைத் தண்ணி மாதிரிதாம்மா" என்றார் அண்ணாச்சி. அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் தலையில் எண்ணெயும் காதில் நீர் விழும் ஓசையுமாக நான் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய குடை. துணிக் குடை இல்லை, கட்டி நிறுத்திய குடை. நடுக்காம்பைச் சுற்றி பெஞ்சு. யாராவது உள்ளே போய் உட்கார்ந்தால் போதும், குடை விளிம்பெல்லாம் தண்ணீர் கொட்டும். உள்ளே மாட்டியவர்கள் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நனைந்து ஓடி வருகிறார்கள். கலீனா விளக்கினாள். "அரச விருந்தினரை நனைத்து மகிழ்வதற்காக இஃது அமைக்கப்பட்டது. இன்றும் ஈண்டு வருவோர் நனைந்தே செல்வர். இதுவே மரபு."

நான் யோசித்துப் பார்த்தேன். விருந்தினர் நனைய வேண்டும். நான் விருந்தினர். மரபு வேறு. இதற்குமேல் ஒருவனுக்கு என்ன அனுமதி வேண்டும்? கலீனா மற்ற ஏழு பேரையும் அடுத்த நீரூற்றுக்கு அழைத்துப் போனாள். நான் மிட்டாய்க் கடையைப் பார்த்த பையன் பின்தங்குவதுபோல மெல்லப் பின்தங்கி, ஒரு புதருக்குப் பின்னால் போனேன். கோட்டு, சட்டை, கால்சட்டை, குல்லாய் எல்லாம் கிளையில் தொங்கின. துண்டை இடுப்பில் இறுக்கினேன். கையில் பொட்டலத்தோடு குடைக்குள் நுழைந்தேன்.

முதல் வீச்சிலேயே எனக்குச் சொர்க்கம் தெரிந்துவிட்டது. ஐந்தருவியில் கூட்டமில்லாத நாளில் கிடைக்கிற சுகம். சீயக்காயை உச்சந்தலையில் கொட்டிப் பரபரவென்று தேய்த்தேன். பழுப்பு நுரை வழிந்து ஜாரின் தரையெல்லாம் ஓடியது. தொப்பியும் டையுமாக ஒரு பெரியவர் உள்ளே மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். அவரைத் தோளைப் பிடித்து நகர்த்தி, "நடுவுல நிக்காதீங்க அண்ணாச்சி, விளிம்புக்கு வாங்க, இங்கனதான் நல்லா விழுது" என்று வழிகாட்டினேன். பிறகு சந்தோஷம் தாங்காமல் குரல் கொடுத்தேன்.

"அண்ணாச்சி! எல்லாரும் வாங்க! கூட்டமே இல்ல!"

கூட்டம் இருந்தது. கண்ணில் சீயக்காய் இறங்கிவிட்டதால் எனக்குத்தான் தெரியவில்லை. மூன்று நாட்டுச் சுற்றுலாக் குழுக்கள் வட்டம் கட்டி நின்றிருந்தன என்று செல்லையா பிற்பாடு சொன்னார். கேமராச் சத்தம் கேட்டதை நான் ஏதோ பறவை என்று நினைத்தேன்.

திடீரென்று சிரிப்புச் சத்தம் அடங்கியது. யாரோ வந்து பக்கத்தில் நின்றார்கள். தடவிப் பார்த்தேன், கை தட்டுப்பட்டது. தடித்த, உறுதியான கை. அண்ணாச்சி வந்துவிட்டார் என்று நிம்மதி. அந்தக் கையைப் பற்றி இழுத்து, முகத்தை நீட்டி, "கண்ணு எரியுது அண்ணாச்சி, கொஞ்சம் ஊதி விடுங்க" என்றேன்.

யாரும் ஊதவில்லை. கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்தேன். முதலில் பென்சில் தெரிந்தது. அப்புறம் குறிப்பேடு. அப்புறம் மேலதிகாரி அம்மாள்.

அவருக்குப் பின்னால் கலீனா. அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயா, தயவுகூர்ந்து வெளியே வருக" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அரை நிர்வாணமாக நிற்கிற வெட்கம்கூட மறந்துபோனது. ஒரு பெண் எங்கோ பிறந்து, ஐந்து வருஷம் உட்கார்ந்து என் மொழியைப் படித்திருக்கிறாள். அதற்கு நான் செய்த மரியாதை, ஒரு பொட்டலம் சீயக்காயில் அவள் வேலையைக் கழுவிவிட்டது. அழுகை வந்தது. கண்ணெரிச்சலில் வந்தது எது, இது எது என்று யாருக்கும் தெரியாததுதான் ஒரே ஆறுதல்.

அப்போதுதான் நிஜ அண்ணாச்சி வந்தார். என்னைப் பார்த்தார். (அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.) பிறகு மூடிய கோட்டின் பட்டனைச் சரிசெய்துகொண்டு, சங்கத்து மகாசபையில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"ஏம்மா கல்யாணி, அந்தம்மாட்ட நான் சொல்லுதத அப்படியே சொல்லு. எங்க ஊருல நல்ல தண்ணி விழுத எடத்துக்கு விருந்தாளி வந்துட்டு, குளிக்காமப் போனாம்னா அது வீட்டுக்காரனுக்கு அவமானம். இந்தப் பயல் உங்க தண்ணிக்கு மரியாத செஞ்சிருக்கான். இதுல பிள்ள மேல ஒரு குத்தமும் கெடையாது."

கலீனா ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தாள். மேலதிகாரி முழுதும் கேட்டார். பென்சிலால் மற்ற ஏழு பேரையும் ஒவ்வொருவராக எண்ணினார். பிறகு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். கலீனா அதைத் தமிழில் சொன்னாள்.

"அங்ஙனமாயின், ஏனைய எழுவரும் எம்மை ஏன் அவமதிக்கின்றீர் என வினவுகிறார்."

அண்ணாச்சி கலீனாவின் முகத்தைப் பார்த்தார். மீசையை ஒருமுறை தடவினார். கோட்டைக் கழற்றி மேலதிகாரியின் கையிலேயே கொடுத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன்மேல் வைத்தார். வேட்டிக்கு உள்ளே போட்டிருந்த கம்பளிக் கால்சட்டையோடு, அந்த எட்டு முழ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டீக்கடை பெஞ்சே எழுந்து நிற்கிற வேலாயுத அண்ணாச்சி, குடைக்குள் நுழைந்தார்.

"வாங்கலே எல்லாரும்!"

செல்லையாவும் மற்றவர்களும் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். குளிரில் பல் கிட்டிக்க, எட்டுப் பேரும் அரசாங்க விருந்தினராக நின்று குளித்தோம். என் பக்கத்தில் நின்ற அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "ஊருக்கு வாலே, உன்ன வச்சுக்கிடுதேன்." அவர் கை தானாக நீண்டது. மிச்சச் சீயக்காயைக் கொடுத்தேன்.

மேலதிகாரி ஒரு பக்கம் நிறைய எழுதினார். ஈரத்தோடு நின்ற எட்டுப் பேரையும் எண்ணிப் பார்த்துவிட்டு ஏட்டை மூடினார். அவர் சிரிக்கவே இல்லை என்று கலீனா சாதிப்பாள். மரத்துக்குப் பின்னால் போய் அவர் தோள் குலுங்க நின்றதைப் பார்த்ததாக செல்லையா சாதிப்பார்.

நாலு மாதம் கழித்துக் கலீனாவிடமிருந்து தென்காசிக்குக் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். 'விருந்தினர் எண்மரும் நகரின் வரலாற்றில் முழுமையாக மூழ்கினர்' என்று மேலதிகாரி எழுதியிருந்தாராம். அந்தக் கடிதத்தை அண்ணாச்சி சங்க அலுவலகத்தில் சத்தமாக இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். 'ஊருக்கு வாலே' என்று என்னிடம் சொன்னதை அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

நான் பதில் எழுதினேன். ஒன்றல்ல, வருஷத்துக்கு இரண்டு. எல்லாவற்றிலும் குற்றாலத்தைப் பற்றித்தான். பேரருவி எப்படி விழும், ஐந்தருவி எப்படிப் பிரியும், சாரல் செங்கோட்டை வரை எப்படித் தெறிக்கும் என்று பக்கம் பக்கமாக அளந்தேன். அறுபதுகள் முடிகிற சமயத்தில், ஆறு பேர் கொண்ட ஒரு குழுவைத் தானே தலைமை தாங்கி அழைத்துக்கொண்டு கலீனா வந்து இறங்கிவிட்டாள். ஆனி மாதம். இந்தத் தடவை சுற்றிக்காட்டுகிற முறை என்னுடையது. ராஜமும் அண்ணாச்சியும் கூட வந்தார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. பேரருவி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பாறை காய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு நூல் கசிவு. அதையும் ஒரு குரங்கு நக்கிக்கொண்டிருந்தது. ஆறு ரஷ்யர்களும் துண்டோடு நின்றார்கள். நான் குரங்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கலீனா பாறையை உச்சி முதல் அடி வரை பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்கிற மரியாதையோடு என்னைக் கேட்டாள்.

"ஐயா, இதனைத் திறக்கும் அலுவலர் எத்தனை மணிக்கு வருவார்?"

ராஜம் சிரித்துச் சிரித்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். கலீனா மட்டும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் குழாயில் தண்ணீர் நின்றால் யாரும் நகராட்சியைத் திட்டுவதில்லை, கலீனாவின் அலுவலர் வந்தாரா என்றுதான் கேட்பார்கள். நேற்றுகூடப் பெங்களூரிலிருந்து பேரன் போன் பண்ணி, "தாத்தா, சீசன் எப்படி? குடும்பத்தோட வரலாமா?" என்று கேட்டான். சாரல் நன்றாக இருக்கிறது, இரண்டு நாளில் அருவி கொட்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அடுக்களையிலிருந்து ராஜத்தின் குரல் வந்துவிட்டது.

"ஆபீசர் இன்னும் லீவுலதான் இருக்காராம்னு சொல்லுங்க!"