கஞ்சர்களின் வக்கீல்

உலக இலக்கியத்தில் இருக்கிற அத்தனை கஞ்சர்களுக்காகவும் வாதாடிய ஒரே வக்கீல், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் கணக்கெழுதிய சோப்புக் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். காசைக் கைக்குட்டை ஓரத்தில் முடிந்து வைப்பதால் அவருக்கு முடிச்சு என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதை நானே அடிக்கடி மறந்துபோவேன்.

புது ரீஃபில் வேண்டுமென்றால் பழையதை அவர் உள்ளங்கையில் கிறுக்கிக் காட்ட வேண்டும். லேசாக நீலம் தெரிந்தாலும், "இன்னும் ஒரு வாரம் ஓடும், போம்மா" என்று அனுப்பிவிடுவார். தன் போனைக் கம்பெனியில்தான் சார்ஜ் போடுவார். அவர் குடியிருந்த மூலக்குளத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் போனையும் கொண்டுவந்து போடுவார்; அதற்கு மாதக் கட்டணம் உண்டு. பத்து ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர்களும் கண்டக்டர்களும் வாங்க மறுத்த காலத்தில், "செல்லாதுன்னு யாரு சொன்னா? எட்டு ரூபா தரேன், குடு" என்று வாங்கிச் சேர்த்தார். அதில் என் காசும் உண்டு.

சாயங்காலம் நூலகத்தில் உட்கார்ந்து பழைய கதைகளாகப் படிப்பார். படிப்பும் இலவசம், மின்விசிறியும் இலவசம். கதையில் கஞ்சன் வந்தால் மட்டும் மனுஷனுக்கு ரத்தம் கொதித்துவிடும். மறுநாள் காலை என் மேஜை முன்னால் வந்து நிற்பார்.

"ஏம்மா, எந்த நாட்டு கதைய எடுத்தாலும் கஞ்சன் வீட்லதான் திருட்டு போவுது. இல்லாட்டி கடைசி பக்கத்துல திருந்திடறான். ஊதாரி எவனாச்சும் திருந்தறானா? எழுதனவன்லாம் கடன் கேட்டு கிடைக்காதவனா இருப்பான்."

தொழிற்பேட்டையில் வருஷா வருஷம் நாடகப் போட்டி நடக்கும். சுழற்கேடயம் பக்கத்து பிளைவுட் கம்பெனிக்கு, கடைசி இடம் எங்களுக்கு. இந்தத் தடவையும் தோற்றால் நாடகக் குழுவையே கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் சூப்பர்வைசர் செல்வம் ராப்பகலாக யோசித்து ஒரு கஞ்சன் கதை எழுதினார். கதாநாயகனைத் தேடி அவர் ஸ்டோர் ரூமைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

முடிச்சு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நாடகத்தில் வரும் பணப்பெட்டிக்குள் காசுக்குப் பதிலாக நட்டு, வாஷரெல்லாம் போடக்கூடாது. "இரும்ப கட்டி புடிச்சிக்கினு எப்டி சார் அழறது?" தான் சேர்த்த பத்து ரூபாய் நாணயங்களை அவரே கொண்டுவந்து கொட்டினார். மகளாக நடித்தது நான். கடைசிக் காட்சியில், என் கல்யாணத்தில், அப்பா மனம் திருந்திக் காசை வாரி இறைக்க வேண்டும். ஒத்திகையில் வெறும் கையைத்தான் வீசுவார். "மேடையில இறைச்சிடறேன் சார், இப்ப எதுக்கு தேய்மானம்" என்பார்.

போட்டியன்று முதல் காட்சியிலேயே கூட்டம் அவர் பக்கம் வந்துவிட்டது. அவர் பெட்டியைத் தடவிக்கொடுத்த அழகுக்குப் பிளைவுட்காரர்களே சிரித்தார்கள். பிறகு கல்யாணக் காட்சி. பெட்டியைத் திறந்தார். கை நிறைய அள்ளினார். அப்படியே நின்றுவிட்டார்.

கை மேலே எழும்பவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து செல்வம், "இறைங்க, இறைங்க" என்று பல்லைக் கடித்தார். கேடயமும் போச்சு, நாடகமும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

முடிச்சு அள்ளிய காசைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். ஒன்றை மட்டும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். குரல் நிஜமாகவே உடைந்திருந்தது.

"அப்பன் திருந்திட்டான்னு நெனச்சிக்காத. உன்ன தவிர யாருக்கும் குடுக்க மனசு வரல. இத செலவு பண்ணிடாதம்மா."

அரங்கம் அதிர்ந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பிளைவுட் மானேஜர் இரண்டையும் செய்தார். கேடயம் எங்களுக்கு. தான் எழுதாத அந்த வசனத்துக்குச் செல்வம் பரிசு வேறு வாங்கிக்கொண்டார். முடிச்சைத் தோளில் தூக்கிக்கொண்டு தொழிற்பேட்டையைச் சுற்றி வந்தோம். கேடயத்தை வேறு யாரோ பிடித்திருந்தார்கள். அவர் பெட்டியைத்தான் பிடித்திருந்தார்.

"பாத்தியாம்மா, இந்த கதையில கஞ்சன் திருந்தல, ஜெயிச்சிட்டான்" என்று மேலிருந்தபடியே என்னிடம் சொன்னார்.

மறுநாள் நாணயத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ள அவர் கை பாதி தூரம் நீண்டது. பிறகு தானாகத் திரும்பிப்போனது.

"கல்யாணத்துக்கு குடுத்தத எவனாச்சும் திருப்பி வாங்குவானா? போம்மா, போய் வேலய பாரு."

இப்போது எல்லாக் கடையிலும் அந்த நாணயத்தை வாங்கிக்கொள்கிறார்கள். நான்தான் கொடுப்பதில்லை.