ஏழாவது குகையின் கதவு

குதிரை மறுபடியும் மரத்தின் உச்சியில் போய் நின்றுகொண்டது.

லிப்ட் மெக்கானிக்குக்கு இந்தச் செய்தியைச் சொன்னது 'பொறுமைசாலி'. ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. மெக்கானிக் செய்த கேமின் பக்கத்தில் அந்தப் பெயரில் கமென்ட் வரும், அவ்வளவுதான். இன்றைக்கு வந்தது இது:

"அன்புடையீர், காட்டில் மழை பெய்வது மிக அழகு. ஆனால் குதிரை மரத்தின் மேல் நிற்கிறது. ஏழாவது குகையின் கதவும் திறக்கவில்லை. சரிசெய்தால் நலம்."

அந்த 'அன்புடையீர்'தான் மெக்கானிக்கின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படிக் கும்பிடு போட்டுக்கொண்டே குத்துகிறவனை என்ன செய்வது?

ஆறு வருட உழைப்பு அந்த கேம். வேலையிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒற்றை ஆளாகச் செய்தது. ஓர் இளவரசி, ஒரு குதிரை, ஓர் அரக்கன், பன்னிரண்டு குகைகள். குகைச் சுவரின் ஒவ்வொரு கல்லும் அவர் கையால் வரைந்தது. மழைச் சத்தத்துக்காகக் குளியலறை ஷவரைத் திறந்துவிட்டுப் பதிவு செய்ததில் தண்ணீர்த் தொட்டி காலியாகி, மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டு மாதத்துக்கு முன் மச்சினி அதை இணையத்தில் ஏற்றிக் கொடுத்தாள். அவளுக்கு வெப்சைட் செய்வதுதான் வேலை. அன்று சாயங்காலமே முதல் கமென்ட் வந்தது. பொறுமைசாலி.

அன்றிலிருந்து ஓயவில்லை.

குகைக் கதவைத் திறக்க வைத்தார். கேமிலுள்ள எல்லாக் கதவும் திறந்துகொண்டது. கடைசிக் குகையில் இருக்க வேண்டிய அரக்கன் சாவகாசமாக வெளியே நடந்து வந்து, ஆட்டம் தொடங்கிய அரை நிமிஷத்தில் இளவரசியைக் கொன்றான். "அன்புடையீர், கதை சற்றே சுருங்கிவிட்டது" என்று கமென்ட் வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு அரக்கனைத் தூங்க வைத்தார். வாள் விற்கும் கடைக்காரனும் சேர்ந்து தூங்கிவிட்டான். அவனை எழுப்பியதில் வசனங்கள் இடம் மாறின. பெற்ற மகளைக் கண்டதும் மகாராணி, "உன் எலும்பை நொறுக்குவேன்" என்று வரவேற்றாள்.

"அன்புடையீர், தாயன்பு குறைவாக உள்ளது."

அதைப் படித்தபோது மெக்கானிக் ஒரு குடியிருப்பில் லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றிருந்தார். அந்த நேரம் பார்த்து நாலாம் மாடிக்காரர் ஒருவர், கதவு சரியாக மூடவில்லை, கொஞ்சம் சரிசெய்தால் நலம் என்றார். அவ்வளவுதான். ஆறு வருஷம் உழைத்தவனுக்குத்தான் அருமை தெரியும், நோகாமல் வந்து குறை சொல்கிறவனுக்கு என்ன தெரியும் என்று மேலிருந்து பிடிபிடியென்று பிடித்தார். அந்த லிப்ட் போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மேலதிகாரி கூப்பிட்டு, எழுத்தில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். 'அன்புடையீர்' என்று தொடங்கித்தான் எழுத வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பை உதறியவர் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். அவள் கமென்ட்டுகளை வரிசையாகப் படித்துப் பார்த்தாள்.

"அந்தாளு சொல்றது சரியாத்தானேங்க இருக்கு. மகாராணி ஏன் அப்படிப் பேசுறா?"

"எத்தனை பேர் டவுன்லோட் பண்ணியிருக்காங்க தெரியுமா? எல்லாரும் சத்தமில்லாம விளையாடுறாங்க. இவன் ஒருத்தனுக்குத்தான் உடம்பெல்லாம் நோவு."

அன்று அவர் சாப்பிடவில்லை. மகாராணியைத் திருத்தினார். அவள் வாயில் பாசம் வந்தது. ஆனால் மழை நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சினி வந்திருந்தபோது, கமென்ட் வந்தது. "அன்புடையீர், மழையைக் காணவில்லையே. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது."

மெக்கானிக்கின் காது மடல் சிவந்தது. எட்டு மாதமாக விழுங்கியதையெல்லாம் ஒரே மூச்சில் தட்டினார். உனக்கு வேறு வேலை இல்லையா, மூளை இருந்தால் நீயே ஒரு கேம் செய்து காட்டு, இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. அனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததும் பொறுமைசாலியை பிளாக் செய்தார். ஆளுக்கு இனி கமென்ட்டும் கிடையாது, டவுன்லோடும் கிடையாது.

தோளிலிருந்து மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, டவுன்லோட் கணக்கைத் திறந்து பார்க்கும்படி மச்சினியிடம் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு டவுன்லோடு. ஒரு தொல்லை ஒழிந்தது, மீதி இருநூற்றுப் பதினொரு பேருக்காக இனி நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்றார்.

மச்சினி டவுன்லோட் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். மறுபடி கீழிருந்து மேலே வந்தாள். அக்காவை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அத்தான், ஒவ்வொரு தடவை சரிபண்ணி ஏத்தினதும் ஒழுங்கா வருதான்னு டவுன்லோட் பண்ணிப் பார்த்தீங்க இல்ல, அந்த நூத்தியாறு நீங்க, மீதி நூத்தியாறும் அவர்தான்."