தாலி கட்டும் நேரத்தில் ரூபாய் விழுந்த கதை

பாங்கில் வேலை செய்கிறவனுக்கு ரூபாயின் உள்மனது தெரியும் என்று நினைப்பது எங்கள் ஆட்களின் பழைய வியாதி. அதை மறுத்துப் பேசாமல் மூன்று மாதம் அதில் குளிர்காய்ந்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

உண்மையில் நான் பார்த்த வேலை, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வைப்புப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. வாடிக்கையாளர் கொண்டுபோகப் பார்க்கும் பேனையைத் திருப்பி வாங்குவதும் அதில் அடக்கம். (பேனையை நூலால் கட்டியிருந்தோம். நூலோடு போன பேனைகளும் உண்டு.) வேலை நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது.

டொலர் விலையைச் சந்தையிடம் விட்டு அரசாங்கம் இலங்கை ரூபாயை மிதக்க விட்ட வருடம் அது. பெற்றோல் இல்லை, பால்மா இல்லை, கரண்ட் இல்லை. கருத்து மட்டும் தாராளமாகக் கிடைத்தது. மீன்காரர் முதல் கோயில் ஐயர் வரை என்னை நிறுத்தி, "தம்பி, டொலர் என்ன மாதிரி?" என்று கேட்டார்கள். பேனைக்குக் காவல் நின்றவனிடம் ஒரு நாட்டின் நாணயக் கொள்கையைக் கேட்டால் அவன் என்ன செய்வான்? சொன்னான். விரிவாகச் சொன்னான்.

எங்கள் மனேஜர் நசீர் சேர் ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். நாணயமாற்று பற்றி ஊழியர்கள் பொதுவெளியில் கருத்துச் சொல்லக் கூடாது, மீறினால் நடவடிக்கை. நானும் போட்டேன். கையெழுத்துப் போட்ட கைக்குத்தான் தடை, வாய்க்கு இல்லை என்பது அந்த வயதில் என் சட்ட அறிவு.

இந்த நிலைமையில்தான் என் மனைவி வானதியின் தங்கை தர்ஷிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கஜன், டொரொண்டோ. மண்டபம் வெள்ளவத்தையில், முகூர்த்தம் ஞாயிறு காலை. பெற்றோல் இல்லாதபடியால் டொரொண்டோவில் இருந்த சொந்தங்களும் நாலைந்து மைல் தள்ளி இரத்மலானையில் இருந்த நசீர் சேரும் மண்டபத்துக்கு ஒரே தூரத்தில் இருந்தார்கள். ஆகவே நேரடி ஒளிபரப்பு. 'வீட்டிலிருந்தே ஆசீர்வதிக்கவும்' என்று சேருக்கு இணைப்பை அனுப்பியது நான்தான். வேறு யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒளிபரப்புக்குக் கொட்டாஞ்சேனையில் இருந்து ஜூட் என்ற வீடியோக்காரர் வந்தார். தொடக்கத்தில் மூத்த மருமகன் வெளிநாட்டு உறவுகளை வரவேற்றுப் பேச வேண்டும். என் சட்டையில் ஒரு சின்ன மைக்கைக் குத்தி, "அண்ணே, பேசி முடிச்சதும் இத ஐயர்கிட்ட குடுத்துருங்க. மேளச் சத்தத்துல மந்திரம் கேக்காது. லைவுக்கு இந்த ஒரு மைக்குதான்" என்றார்.

பேசினேன். கைதட்டினார்கள். (மூன்று பேர்.) மேடையை விட்டு இறங்கி ஐயரிடம் போகும் வழியில் வானதியின் சித்தப்பா கையைப் பிடித்தார். கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை வைத்திருப்பவர்.

"தம்பி, இஞ்சால வாரும். டொலர் என்ன மாதிரி?"

மந்திரத்தை ஐயர் பார்த்துக்கொள்வார், ரூபாயை யார் பார்ப்பது? சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகிற நடையில் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். நாலைந்து பேர் சூழ்ந்தார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். அப்படி நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. பின்னால் பேச விடவில்லை என்பதே சரி.

"மிதக்க விடுறதெண்டால் முதல் நீந்தப் பழக்க வேணுமெல்லோ?" என்றேன். சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது.

"அப்ப காசை உங்கட பாங்கில போடட்டோ?" என்று கேட்டார்.

"எங்கட பாங்கிலயோ? நானே போடேல்லை, சித்தப்பா. மனேஜருக்கே ஒண்டும் விளங்கேல்லை. காலமை வந்து எங்களிட்டத்தான் கேக்கிறார்."

"உப்பிடிக் கதைச்சா வேலைக்கு வில்லங்கம் வராதோ?"

"எட்டரை தொடக்கம் அஞ்சு மட்டும்தான் சம்பளம் தாறாங்கள். அந்த நேரம் வாய் பாங்கின்ர. மிச்ச நேரம் வாய் என்ர."

ஊழியத்தின் எல்லையை இவ்வளவு சுருக்கமாக வரையறுத்தவன் இந்தத் தீவிலேயே நான்தான் என்று ஒரு பெருமிதம் வந்தது. அந்தப் பெருமிதத்தோடு ஒரு வடையும் எடுத்தேன். வடை பாதியில் இருக்கும்போது வானதி ஓடிவந்தாள். வேட்டியில் பை இல்லாததால் என் போனும் அவள் கைப்பையில்தான் கிடந்தது. இரண்டு போனும் இப்போது அவள் கையில் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன.

"இஞ்சருங்கோ, வாயை மூடுங்கோ!"

"ஏன், தாலி கட்டியாச்சோ?"

அவள் என் நெஞ்சைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். சட்டைக் கொலருக்குக் கீழே அந்த மைக் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சத்தோடு இருந்தது. வடையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"தாலி ஏறிட்டுது. டொரொண்டோப் பெரியம்மா அழுதுகொண்டு கோல் எடுத்தவ. மந்திரம் ஒண்டும் கேக்கேல்லையாம். முழுக்க நீங்கதானாம்" என்றாள்.

ஜூட்டிடம் ஓடினேன். "காதுல முழுக்க மேளம் அண்ணே. நான் படத்தத்தான் பாத்தேன். மைக்கு ஐயர்கிட்ட இருக்குன்னு நெனச்சேன்" என்று தலையில் கை வைத்தார். அவர் மீது பிழையில்லை. பிழை முழுவதும் வேட்டி கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றது.

அன்று பின்னேரம் மாமி வீட்டில் பதிவைப் போட்டுப் பார்த்தோம். மாமனார் தர்ஷியின் கையைக் கஜனின் கையில் பிடித்துக் கொடுக்கிறார், கண் கலங்குகிறது. என் குரல் வருகிறது: "கனடாக் காசு கிடைச்சா ஒண்டும் யோசியாதேங்கோ, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ." ஐயர் ஓமத்தில் நெய் விடுகிறார். "இனி உதுக்குள்ள எவ்வளவு கொட்டினாலும் சாம்பல்தான்." கஜன் தாலியை எடுக்கிறார், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், முடிச்சுப் போடுகிறார். "கையில வச்சிருக்கிறவன் மடையன். நாளைக்கே மாத்திப்போடுங்கோ!"

பதிவு முடிந்தது. மின்விசிறி மட்டும் சுற்றியது. பிறகு கரண்ட் போய் அதுவும் நின்றது. மாமி எழுந்து குசினிக்குள் போனவர்தான், ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. தர்ஷி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு கல்யாணம். அதில் மந்திரத்தின் இடத்தில் நான்.

இரவு முழுவதும் வேலையை நினைத்துப் புரண்டேன். வீட்டு வாடகை, வானதியின் வயிற்றில் நாலு மாதப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து நான் வாயைத் திறந்திருக்கிறேன்.

திங்கள் காலை கிளைக்குள் போனதும் நசீர் சேர் கூப்பிட்டார். கதவைச் சாத்தினேன்.

"சேர், அது வந்து..."

அவர் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். "எட்டரை ஆயிட்டு. இப்ப வாய் பேங்க்ட. மூடிக்கொண்டு கேளுங்க."

மூடினேன்.

"எண்ட வைஃபுக்குத் தமிழ்க் கலியாணத்துல நகை பாக்கிறது பைத்தியம். டீவில பெரிசாப் போட்டு உக்காந்தா. மாலை மாத்திற நேரம் நீங்க என்னயப் பத்திச் சென்னீங்க. அவ என்னயத் திரும்பிப் பாத்தா. மறுகா நீங்களே இங்க சல்லி போடல்லண்டு சென்னீங்க. அவட சல்லி எல்லாம் இந்த பிராஞ்சுலதான் ஈக்கி. இண்டைக்கு எடுக்க வாறா. நான் சென்னாக் கேக்கிறா இல்ல. உங்களுக்கு இன்னா, கடிதம் அடிச்சு வச்சீக்கி."

மேசையில் ஒரு உறை கிடந்தது. வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் என்று விளங்க அதைப் பிரிக்கத் தேவையிருக்கவில்லை. "அவ வந்து போனப் பொறகு தாறேன்" என்றார்.

ஒன்பது மணிக்கு சேரின் மனைவி வந்தார். கிளையில் இருந்த மூன்று கவுண்டரில் என்னிடமே நேரே வந்தார். நான் "காலை வணக்கம்" என்றதும் அவர் கண் விரிந்தது.

"அல்லாவே, அந்தக் குரல்! நீங்கதானே அந்தத் தம்பி?"

"ஓம், மேடம்."

"நேர்மையாச் செல்லுங்க தம்பி. எடுக்கவா, வைக்கவா?"

என் முதுகுக்குப் பின்னால் சேர் வந்து நிற்பது தெரிந்தது. வைக்கச் சொன்னால் நேற்றுச் சொன்னது பொய். எடுக்கச் சொன்னால் உறை. மூன்று மாதமாக ஊரெல்லாம் வாரி இறைத்த கருத்துகளில் ஒன்றைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் எனக்கே அது உறைத்தது.

"எனக்குத் தெரியாது, மேடம்."

"ஆ?"

"உண்மையாவே தெரியாது. நேற்றும் தெரியாது. சும்மா கதைச்சனான். நான் இஞ்ச காசு போடாதது, போட என்னட்டக் காசு இல்லாதபடியால்."

அவர் கையோடு கொண்டுவந்த வைப்புச் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தார். "இத்தன மாசத்துல தெரியாதுண்டு சென்ன மொதல் ஆள் நீங்கதான். வீட்டிலயும் ஒராள் ஈக்கி, எல்லாம் தெரியுமாம்" என்று எனக்குப் பின்னால் ஒரு பார்வை எறிந்துவிட்டு, காசை எடுக்காமலே போய்விட்டார். போகும்போது பேனையையும் கொண்டுபோனார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

சேர் அந்த உறையைக் கிழிக்கவில்லை, தரவும் இல்லை. மேசை இலாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். தகுதிகாண் காலத்தை ஆறு மாதம் நீட்டி, பிறகு நிரந்தரமாக்கினார். அந்த ஆறு மாதமும் யார் என்ன கேட்டாலும் நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

இப்போது எனக்கு ஒரு மகள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் வைத்து என் கொலரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். தாய் பழக்கியது. தர்ஷிக்கு ஜூட் மங்கள இசை போட்டுப் புதிய வீடியோ செய்து கொடுத்தார். அவள் அதை ஒரு தடவையும் பார்த்ததில்லையாம். கல்யாண நாள் வந்தால் அவர்கள் வீட்டில் ஓடுவது பழையதுதான். தாலி முடிச்சு விழுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, கஜன் எனக்கு அழைப்பு எடுப்பார்.

"அண்ணை, நான் இன்னும் கையிலதான் வச்சிருக்கிறன். என்ன மாதிரி, மாத்தவோ?"

"எனக்குத் தெரியாது" என்பேன்.

பின்னால் இருந்து தர்ஷி கத்துவாள்: "அத்தான், அஞ்சு மணி தாண்டிட்டுது, வாய் உங்கடதானே! பயப்பிடாமல் சொல்லுங்கோ!"

நான் முதலில் கொலரைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.