நனையாத துணியும் எல்லைக்காரரும்

எல்லைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பாறசாலைப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது அகப்படுவார். தேநீர்க் கடையில் தாலுகாக்களைப் பிரிப்பார், கல்யாணப் பந்தியில் சேர்ப்பார், உங்கள் கொல்லைத் தென்னை மெட்ராசோடு போகுமா, திருவிதாங்கூரில் நிற்குமா என்று காற்றில் கோடு போட்டுக் காட்டிவிட்டு, அதன் இளநீரையும் குடித்துவிட்டுத்தான் எழுவார். தமிழ்த் தாலுகாக்களை மெட்ராசோடு சேர்க்கச் சொல்லும் அவர் கோரிக்கையில் நியாயம் இல்லையா? உண்டு. ஆனால் கைக்குழந்தையின் மூத்திரத்துக்கும் எல்லை உண்டா?

செங்கல் ஊர் எல்லைக்காரர் தங்கையனைக் கேட்டால் உண்டு என்பார்.

அவர் பக்கத்து வீட்டுச் சத்தியபாயின் பிள்ளைக்கு இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. விடியும்போது நனைந்த துணியில் அடர்மஞ்சள் மூத்திரக் கறை. அதன்பின் உச்சிவேளை வரை துணி நனையவே இல்லை. உதடு உலர்ந்து, உச்சிக்குழி உள்வாங்கி, பிள்ளை கண்ணீரில்லாமல் அழுதது. மேற்கே, அருகிலிருக்கும் நெய்யாற்றின்கரைக்குப் போக அவள் வண்டி ஏறிவிட்டாள். தங்கையன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அங்கே வைத்தியம் பார்த்தால் நம்மை மலையாளக் கணக்கில் எழுதிவிடுவார்களாம். தூரமானாலும் கிழக்கே தமிழ்ப் பக்கத்துக் குழித்துறைதான் சரியாம்.

"அங்க இருக்கது நம்ம டாக்டராக்கும். இது வெறும் சூடு, மக்கா."

வண்டி கிழக்கே திரும்பியது. சத்தியபாய் மேற்கே திருப்பச் சொன்னாள். மறுபடி கிழக்கே. மாடுகளுக்கே எல்லைத் தகராறு புரிந்துவிட்டது.

"பிள்ளைக்கு இன்னும் பாஷை வரல்ல அண்ணே. மூத்திரமும் வரல்ல. கைய எடுங்க."

எடுத்தார். காவலுக்கென்று தானும் ஏறிக்கொண்டார்.

நெய்யாற்றின்கரை டாக்டர் ஊசிவழி நீரேற்றினார். பிள்ளை மூத்திரம் போவது குறைந்தாலோ, மூத்திரத்தின் நிறம் கறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்கக் கூடாது என்று மலையாளத்தில் திட்டினார். தங்கையனுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. சாயங்காலம் அவர் மடியில் பிள்ளையை வைத்திருந்தபோது கதர் வேட்டி நனைந்தது. சத்தியபாய் அப்போதுதான் அழுதாள். திரும்பும் வழியெல்லாம் தங்கையன் வாய் திறக்கவில்லை.

மறுநாள் தேநீர்க் கடையில் திறந்தார்.

"நம்ம ஆளு மடி கிட்டுற வர பிள்ள அடக்கி வச்சிருந்துதாக்கும்."

சிரிக்கிறீர்கள். உங்கள் பிள்ளையின் துணி நனையாத பகலில் நீங்கள் முதலில் தேடுவது அருகிலுள்ள டாக்டரையா, நம் ஆளான டாக்டரையா? நம் சபை, நம் சாதி, நம் கட்சி? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். கொல்லையில் துணி காயப்போடும் கயிற்றைப் போய்ப் பாருங்கள். ஈரத்துணி தொங்கினால் நல்லது. நம் ஆளைத் தேடித் தூரம் போனதில், தொங்கவிடப் பிள்ளைத்துணி ஒன்றுமில்லாமல் போன கயிறும் இந்த ஊரில் உண்டு.