இருட்டுத் திட்டம்

ஒரு காட்டில் குரங்குகளைக் கம்பிக்குள் வைத்துப் பெருக்கும் நிலையம் ஒன்று இருந்தது. வெளியே தாமாகப் பெருகிக்கொண்டிருந்த குரங்குகளைப் பிடித்துவந்து, உள்ளே ஏன் பெருகவில்லை என்று ஆராய்வதுதான் அதன் வேலை. இயக்குநர் ஒரு கரடியார்.

அங்கே அடைபட்டிருந்த செம்பன் என்ற ஆண்குரங்குக்குத் தன் ஜோடி பூவரசி என்றால் உயிர். மழைக்காலம் வந்தால் அவன் ரத்தத்தில் ஹார்மோன் ஏற வேண்டும், முகம் சிவக்க வேண்டும். கூண்டுக்குள் ஏது மழைக்காலம்? எந்நேரமும் டியூப்லைட், எந்நேரமும் ஏ.சி. போதாததற்கு, ஹார்மோன் ஏறிவிட்டதா என்று பார்க்கக் கரடியார் தினமும் வலைபோட்டுப் பிடித்து ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். அந்தப் பயத்தில், ஏற நினைத்த ஹார்மோனும் இறங்கிவிடும்.

“இந்த வருஷமும் குட்டி இல்லேன்னா பூவரசிய வேற நிலையத்துக்கு மாத்திடுவேன், பாத்துக்க,” என்றார் கரடியார். அன்று செம்பனுக்கு வாழைப்பழம்கூட இறங்கவில்லை.

ஐப்பசியில் புயல் அடித்தது. கம்பம் சாய்ந்து கரன்ட் போயிற்று. பாதையில் மரம் விழுந்ததால் கரடியாரும் பல நாள் வரவில்லை. ஜன்னல் வழியே ஈரமண் வாசனை வந்தது. செம்பனின் முகம் தக்காளியாய்ச் சிவந்தது.

“இப்பத்தான் மூஞ்சில ஒரு களை வந்திருக்கு,” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் பூவரசி.

சித்திரையில் குட்டி பிறந்தது. கரடியார் மாலையும் கழுத்துமாகப் படம் எடுத்துக்கொண்டு, “எல்லாம் ஊசியோட மகிமை!” என்றார்.

செம்பன் சும்மா இருந்திருக்கலாம். இன்னும் நாலு ஊசி கூடிவிடுமே என்ற பயத்தில் உண்மையைச் சொல்லித் தொலைத்தான். “ஐயா, கரன்ட் போய் இருட்டானதும் நீங்க வராததும்தான் காரணம்.”

கரடியார் கோபப்படவில்லை, விஞ்ஞானி அல்லவா! பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு உடனே ‘இருட்டுத் திட்டம்’ போட்டார். டியூப்லைட்டுகள் அணைக்கப்பட்டன. இருட்டு சரியாக இருக்கிறதா என்று கண்காணிக்கப் பெரிய ஃபோகஸ் லைட் ஒன்று மாட்டப்பட்டது. அதனடியில் ஊசியோடு அவரே உட்கார்ந்துகொண்டார்.

ஒருநாள் கரடியார் போட்ட மயக்க ஊசி தெளிந்து கண்விழித்த செம்பன், பக்கத்தில் பூவரசியைக் காணாமல் பதறினான்.

“இருட்டுதான் காரணம்னு நீதானேப்பா சொன்னே? அப்ப எந்த ஜோடியா இருந்தா என்ன?” என்றார் கரடியார். “அவளையும் குட்டியையும் காலையிலயே வேற நிலையத்துக்கு அனுப்பியாச்சு. கையை நீட்டு.”

நீதி: மேலதிகாரி இல்லாதபோது நடந்த நல்லதை அவரிடம் சொல்லாதே. அதைத் திட்டமாக்கி, இனி நடக்கவே நடக்காமல் பார்த்துக்கொள்வார்.