புத்தம் புதிய பழைய பாட்டு

மனைவியை எப்படியாவது தடுத்து நிறுத்துவது என்று கரகரப்பு சபதம் எடுத்தார். மறுநாள் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றாள். பெட்டியில் கம்பளிச் சட்டையை எடுத்து வைத்திருந்தாள். இதுவோ கோடைக்காலம்.

கரகரப்பு என்பது தொழிலால் ஒட்டிக்கொண்ட பெயர். பளிங்கு மாதிரிப் பதிவான புதுப் பாட்டுகளுக்கு இசைத்தட்டுக் கீறல், டேப் இரைச்சல் எல்லாம் சேர்த்துப் பழசாக்கித் தருபவர். நேற்றுப் பிறந்த பாட்டும் இவர் கை பட்டால் தாத்தா ஆகிவிடும். அதற்காக வருஷக்கணக்காக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறார். பத்து நாளாக அவளும் சாப்பிடக் கூப்பிடுவதோடு சரி. வீடு வெறிச்சென்று கிடந்தது. அவள் இல்லாத வீட்டை நினைத்தால் அவருக்குப் பயமாகவே இருந்தது.

கல்யாணமான புதிதில், "உனக்குன்னே ஒரு பாட்டு போடறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். போடவில்லை. இன்று காலை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தானே பாடிப் பதிவு செய்தார். கீறல் போட்டார், இரைச்சலை ஊற்றினார். நடுவில் டொக் டொக்கென்று ஏதோ தானாகவே விழுந்திருந்தது. ஆகா, அசல் பழமை என்று அதன் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கியும் விட்டார். எல்லாவற்றையும் ஒரு பழைய கேசட்டில் ஏற்றி அவளிடம் நீட்டினார்.

"பரணை ஒழிச்சேனா, இது கிடைச்சுது. அப்பவே உனக்காகப் பாடினது. குடுக்கத்தான் கூச்சம்."

டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்டாள். கண் கலங்கியது. கரகரப்புக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எங்க வச்சுப் பாடினீங்க?"

"நாம அப்ப இருந்த ஒத்தை ரூம் வீட்டுலதான்."

"இந்த டொக் டொக்?"

"அந்தக் காலத்து டேப் அப்படித்தான். அதுல ஒரு சுகம் இருக்கு பாரு!"

"அது நான். காலைல சாப்பாடு ஆறிப்போகுதேன்னு உங்க கதவைத் தட்டினேன். முதல்ல ரெண்டு, அப்புறம் மூணு. அந்த வீட்டுல உள்கதவே கிடையாது. கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்க."

கரகரப்பு டேப் ரிக்கார்டரை நிறுத்தினார். "அப்ப... ஊருக்கு?" என்றார்.

"போகல. பாட்டு நல்லாத்தான் இருக்கு, நிம்மதியாக் கேக்கணும். சமைச்சு முடிச்சதும் கூப்பிடுங்க."

டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குள் போனாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது.

ஒரு மணிக்கு அரைவேக்காட்டில் எதையோ இறக்கி வைத்துவிட்டு, கரகரப்பு கதவைத் தட்டினார். முதலில் இரண்டு, அப்புறம் மூன்று.

மூன்று மணிக்கும் தட்டிக்கொண்டிருந்தார்.